சப்பாத்துப் பெட்டி

திருகோணமலை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மச்சான்,

உன் குரல் செய்தி வந்து ஏழு கிழமையாகிறது. கேட்டுவிட்டுப் பதில் போடாமல் இருக்கிறான் என்று திட்டியிருப்பாய். திட்டினது நியாயம்தான். வட்ஸ்அப்பில் பேச வெளிக்கிட்டால் பாதியில் பகிடி விட்டுத் தப்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் கொப்பித் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். எழுத்து விளங்காவிட்டால் தங்கச்சியிடம் கொடு. என் கொப்பியைப் பார்த்து எழுதியே எட்டாம் ஆண்டு பாஸ் பண்ணியவள் அவள்.

இங்கே எல்லோரும் சுகம். மனுசிக்கு முழங்கால், எனக்குச் சீனி. மூத்தவன் ஏ.எல். எடுக்கப் போகிறான், அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான். எங்களைப் பழக்கிய குட்டி சேர் இன்னும் அதே சைக்கிளில்தான். எங்கள் கூட்டாளி சோடாமூடி தன் வீட்டைக் கட்டி முடித்துவிட்டான், என் கடையில் எடுத்த சீமெந்துக் கடனை இன்னும் முடிக்கவில்லை.

உன் மகள், எங்கள் மருமகள், கால்பந்துக் கழகத்தின் ரெப் டீமுக்கு, அதுதான் தெரிவு அணிக்கு, எடுபட்ட செய்தியைக் கேட்டு நானும் மனுசியும் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற மான் இரண்டும் ஓடிவிட்டன. நடுக்களத்தில் விளையாடுகிறாளாம் என்கிறாய். அது தாய்வழியில் வந்திருக்க வேண்டும். கிண்ணியாப் பெனால்டியைத் தவறவிட்டவனுக்குப் பிறந்த பிள்ளை என்றால் கனடா ஸ்காபரோவில் யார் நம்புவார்கள்?

சரி, காசுக் கதைக்கு வருகிறேன். வருசத்துக்கு 3,400 டொலர் என்று நீ சொன்னது முதலில் என் காதில் 340 என்றுதான் விழுந்தது. திரும்பப் போட்டுக் கேட்டேன். எங்கள் காசில் ஏழு இலட்சத்துக்கு மேல். அதற்குள் ஜேர்சி தனி, வெளியூர்ப் போட்டி என்றால் ஹோட்டல் தனி, பெற்றோல் தனி. பந்தை உதைக்க இவ்வளவு காசா என்று மனுசி கேட்டாள். அங்கே மாதக்கணக்கில் பனி, கூரை போட்ட மைதானத்தை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும், கோச்சுக்குச் சம்பளம், நடுவருக்குச் சம்பளம், காப்புறுதி என்று உன் வக்கீல் மாதிரி அடுக்கிக்கொண்டு போனேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. இந்த வேலை எல்லாம் எங்கள் காலத்திலும் நடந்ததுதானே, யாரோ சும்மா செய்துவிட்டுப் போனார்கள். குட்டி சேருக்கு யார் சம்பளம் கொடுத்தது? பின்னேரம் ஆறரை மணி வரை புருசன் வீட்டுக்கு வராமல் அவருடைய மனுசி கொடுத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அன்று தொடங்கி, கடைக்கணக்கு எழுத வேண்டிய நேரத்தில் எல்லாம் இதையே வாசித்துக்கொண்டிருக்கிறேன். உன் கனடாவிலேயே 2007 இல் பிள்ளைகளின் விளையாட்டுச் செலவுக்கு ஒரு வரிக்கழிவு கொண்டுவந்தார்களாமே. தொடக்கத்தில் 500 டொலர் வரை செலவு காட்டலாம், அதில் 15 வீதம், ஆக மிஞ்சி மிஞ்சிப் போனால் 75 டொலர். முதலில் காசைக் கட்ட வேண்டும், பிறகு வரியில் கழிக்கலாம். வரி கட்டுகிற அளவுக்கு உழைப்பே இல்லாதவனுக்கு அதில் என்ன கிடைக்கும்? 2017 இல் அதையும் எடுத்துவிட்டார்கள். உன் மூத்தவளுக்கு நீ வாங்கினாயா, இல்லை உன் வழமைப்படி ரசீதைத் தொலைத்தாயா?

அல்போன்சோ டேவிஸ் கதை உனக்குத் தெரிந்திருக்கும். லைபீரியாவில் இருந்து ஓடிவந்த தாய் தகப்பனுக்குக் கானாவில் ஓர் அகதி முகாமில் பிறந்து, ஐந்து வயதில் கனடா வந்த பொடியன். எட்மன்டனில் காசில்லாத பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நடத்தும் ஓர் இலவச லீக்கில்தான் அவன் விளையாட ஆரம்பித்தது. பதினேழு வயதில் ஜெர்மனியின் பயேர்ன் மியூனிக் கழகம் வாங்கியது. 2022 உலகக் கிண்ணத்தில் கனடாவின் முதல் கோல் அவனுடையது. எனக்கு அந்தக் கோலை விடப் பெரிதாகத் தெரிந்தது, அந்த லீக்கில் சப்பாத்து மட்டும் கொடுத்துவிட்டு நிற்கவில்லை, பிள்ளைகளை ஏற்றி இறக்க வாகனமும் விட்டார்கள் என்பதுதான். இதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு பகிடியும் இருக்கிறது. ஒரு வீரனை வெளிநாட்டுக் கழகத்துக்கு விற்றால் அந்தக் காசில் 5 வீதம், 12 வயது தொடக்கம் 23 வயது வரை அவனை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது உலகக் கால்பந்துச் சம்மேளனமான பீபாவின் சட்டம். முதல் நான்கு வருசத்துக்கும் வருசத்துக்குக் கால் வீதம். எங்கள் கழகத்துப் பொடியன் ஒருவனை நாளைக்குப் பத்து இலட்சம் டொலருக்கு விற்றால், நாலு வருசம் வளர்த்ததற்கு எங்களுக்கு 10,000 டொலர். இதைக் கழகக் கூட்டத்தில் விளக்கினேன். அதை வாங்கக் கழகத்துக்கு ஒழுங்கான பதிவு வேண்டும், எங்களிடம் ரப்பர் முத்திரைகூட இல்லை என்றார் குட்டி சேர். 2023 இல் பீபா இலங்கையை ஏழு மாதம் தடைசெய்து வைத்திருந்ததே, இங்கே ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்படிப்பட்ட கழகம் இது.

இப்போது நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்று சொல்கிறேன்.

உன் செய்தி வந்த அந்தக் கிழமைதான் சப்பாத்து விழா. லண்டனில் இருக்கும் எங்கள் ஆட்கள் காசு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். 16 வயதுக்குட்பட்ட அணியில் ஒழுங்கான சப்பாத்து இல்லாத பதினொரு பேர் என்று பட்டியல் போட்டேன். கொழும்பில் சோடி 6,500 ரூபாப்படி எடுத்தேன். 2022 இல் அமெரிக்க டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் பாய்ந்தபோது ஏறிய விலை, பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. காசு அனுப்பியவர்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள், படம். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன், கொடுத்தவன் கணக்குக் கேட்பான்தானே. பற்றுச்சீட்டை அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். நான் பந்தல் போட்டேன், கதிரை போட்டேன், மைக் பிடித்தேன். “வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த” என்று தொடங்கி ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஒவ்வொருவனும் மேடைக்கு வந்து, பெரியவர் கையால் வாங்கி, சப்பாத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு கமராவைப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். அன்று இரவே பேஸ்புக்கில் போட்டேன். இருநூற்றுச் சொச்சம் லைக். அதில் ஒன்று உன்னுடையது.

அந்தப் பதினொரு பேரில் ஒருவன் இடதுகால்காரன். பெயர் எழுத மாட்டேன், ஒருதரம் மைக்கில் வாசித்தது போதும். பந்து வரும்போது பார்க்கவே மாட்டான். காலுக்கடியில் வந்த பிறகுதான் ஏதோ வளர்த்த பூனை வந்தது மாதிரிக் குனிந்து பார்ப்பான். அதற்குள் எதிரில் வந்தவன் பிழையான பக்கம் போயிருப்பான். நாற்பது வருசத்தில் இப்படி இரண்டு பேரைத்தான் கண்டிருக்கிறேன், மற்றவன் நீ இல்லை.

மூன்றாம் நாள் அவனுடைய தாய் கடைக்கு வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. மேசையில் வைத்தார். சப்பாத்தைக் கழுவி, அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டி, நூலைக் கழற்றி மடித்து உள்ளே வைத்திருந்தது. “தம்பிக்கு அளவு சரியில்லை ஐயா” என்றார். காலைப் பிடித்து அளவெடுத்தவன் நான். மாற்றித் தரலாம் என்றேன். வேண்டாமாம். பிறகு, பைப்புக்கு ஒரு வாசர் தாருங்கோ என்றார். முப்பது ரூபா. “விடுங்கோ அம்மா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நூறு ரூபாத் தாளை மேசையில் வைத்து, நான் மிச்சம் எழுபதையும் கொடுக்கும் வரை கையை நீட்டிக்கொண்டே நின்றார்.

விசயத்தைக் குட்டி சேர்தான் விசாரித்துச் சொன்னார். தகப்பன் கட்டாரில். அங்கே மூன்று மாதமாகச் சம்பளம் இழுபறி, வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அறையில் கூட இருந்தவன் போனில் அந்தப் படத்தைக் காட்டி, உன்ர மகன்தானே என்று கேட்டிருக்கிறான். மனுசன் அன்று இரவே வீட்டுக்குப் போன் எடுத்து ஒரேயொரு கேள்விதான் கேட்டாராம். “நான் உயிரோடதானே இருக்கிறன்?”

மச்சான், பிறகு தெரிந்ததுதான் என்னை இன்னும் சுட்டது. பொடியன் சனிக்கிழமைகளில் விடிய உப்புவெளியில் கரைவலை இழுக்கப் போகிறவன். கையில் ஆயிரம் ரூபாவும் கறிக்கு மீனும் கிடைக்கும். எங்கள் பயிற்சி சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. பிந்தி வருகிறான் என்று போன வருசம் முழுக்க அவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டது யார்? நான்தான். சப்பாத்து அவனுக்கு ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை, ஒன்றுவிட்ட அண்ணனின் பழைய சோடியில் அழகாக விளையாடிக்கொண்டிருந்தான். பிரச்சினை சனிக்கிழமை. கொழும்புக்கு இரண்டு நாள் போட்டி என்றால் இரண்டு நாள் உழைப்பு. பட்டியல் போட்ட நாங்கள் ஒருவரும் அவனிடம் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எட்மன்டனில் வாகனம் விட்டவர்களை நான் ஏன் மெச்சினேன் என்று இப்போது விளங்குகிறதா? அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஸ்போர்ட்ஸ் ரூம் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? மூடியைத் திறந்தால் செத்த எலி மணம். மட்ச் நாளில் ஓடிப்போய்க் கைவிட்டுத் துழாவுவோம், வலது ஆறாம் அளவு வரும், இடது ஏழு வரும், மிச்சத்துக்குப் பேப்பர் அடைப்போம். பாதையில், அந்த மிதவைப் படகில், ஏறிக் கிண்ணியா போன அந்த நாளில் நீ இரண்டு காலுக்கும் இடது போட்டுக்கொண்டு வந்தாய், இன்றைக்கும் பெனால்டிக்கு அதைத்தானே சாட்டுச் சொல்கிறாய். அந்தப் பெட்டிக்குள் டொக்டரின் மகனும் கைவிட்டான், நானும் கைவிட்டேன். யார் காசில் வந்த சப்பாத்து என்று ஒருவருக்கும் தெரியாது.

அதைத்தான் திரும்பச் செய்திருக்கிறேன். மைதானத்து அறையில் தச்சரைப் பிடித்து ஒரு தட்டு அடித்தாயிற்று. திரும்பி வந்த சோடி, என் மகனுடையது, காரில் வந்து இறங்குகிற பிள்ளைகளுடையது எல்லாம் அதில்தான். யாரும் எதையும் எடுக்கலாம். பயிற்சியைச் சனி பின்னேரத்துக்கு மாற்றினோம். வேன் காசு யாரிடமும் அறவிடுவதில்லை, வாசலில் பூட்டுப் போட்ட பால்மாப் பேணி ஒன்று, விரும்பியதைப் போடலாம், பெயர் எழுதுவதில்லை. கணக்கு எழுதிப் பழகிய எனக்கு இது பெரிய தண்டனை. முதல் மாதம் திறந்து எண்ணினால் 9,400 ரூபா. கொழும்பு போய்வர வேன்காரன் கேட்கிறது 60,000. காரில் வருகிற தகப்பன் ஒருவர் இருபது ரூபாத் தாளை நாலாக மடித்துப் போட்டதை என் கண்ணால் கண்டேன். சரிவருமா என்று தெரியாது. சோடாமூடி கடனைத் தந்தால் ஒரு பயணம் சரி.

இனி உன் விசயம். கழகத்தில் உதவி நிதி இருக்கிறது, படிவம் தந்தார்கள், பார்ப்போம் என்று சொல்லிவிட்டுச் செருமினாய். உன் செருமல் எனக்குத் தெரியும். தங்கச்சி மனுசியிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். படிவம் லாச்சிக்குள் கிடக்கிறதாம், நீ முதல் தவணையைக் கடன் அட்டையில் கட்டினாயாம், இரவு வேலையும் எடுத்திருக்கிறாயாம். இதற்குள் எங்கள் பொடியன்களுக்கு 200 டொலர் அனுப்பவா என்று கேட்கிறாய். உனக்கென்ன விசரா? அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், வங்கிக் கழிவு உன் தலையில்.

அன்றைக்கே எழுதியிருந்தால் “நிரப்படா மடையா, இதில் என்ன வெட்கம்” என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். அந்தப் பை என் மேசைக்கு வந்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. போன வருச வரிக் கணக்கை இணைக்கச் சொல்கிற அந்தத் தாள் உனக்கு மைக் மாதிரிக் கேட்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அதனால் ஒன்று செய். கழகத்துக்குப் போன் எடுத்து, படிவத்தை யார் பார்ப்பார்கள், கோச்சுக்குத் தெரியவருமா, மற்றப் பெற்றோருக்குத் தெரியவருமா என்று கேள். கேட்கிற உரிமை உனக்கு இருக்கிறது. ஒருவர் பார்த்துவிட்டுப் பூட்டி வைப்பார் என்றால் நிரப்பு. படம் பிடிப்போம் என்றால் கிழித்துப் போடு. கனேடியன் டயர் கடைக்காரரின் ஜம்ப்ஸ்டார்ட் என்று ஓர் உதவித் திட்டம் 2005 இலிருந்து நடக்கிறது, பதிவுக் காசுக்கும் உடுப்புக்கும் போக்குவரத்துக்கும் உதவுகிறார்கள், அதையும் பார். தவணையைச் சின்னதாக்க முடியுமா என்றும் கேள். மருமகளிடம் மட்டும் “இந்த வருசம் வேண்டாம்” என்று சொல்லிவிடாதே. பன்னிரண்டு வயதில் ஒரு வருசம் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும்.

முந்தாநாள் பின்னேரம் டச் பே கடற்கரைப் பக்கம் போனேன். அந்த இடதுகால்காரன் வெறுங்காலோடு சின்னப் பொடியன்களுடன் விளையாடிக்கொண்டிருந்தான். பந்து என் பக்கம் உருண்டு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஸ்டைலாக அடிக்கப் போய், பந்து நேரே கடலுக்குள். முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுத்துக்கொண்டு வந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பந்துக்கா, எனக்கா என்று தெரியவில்லை. வா என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. பயிற்சியைப் பின்னேரத்துக்கு மாற்றியது அவனுக்குத் தெரியும், குட்டி சேர் சொல்லிவிட்டார்.

கடை திறக்க வேண்டும். படிவத்துக்குக் கடைசி நாள் 15 ஆம் திகதி என்று தங்கச்சி சொன்னாள். 16 ஆம் திகதி மனுசி அவளுக்குப் போன் எடுப்பாள்.

அன்புடன்,
உன் மச்சான்.

பி.கு: மருமகளுக்குச் சின்னதாகிப்போன சப்பாத்து இருந்தால் எறியாதே. ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடு. சோடியாக அனுப்பு, இரண்டும் இடது வேண்டாம்.