தேமலைத் தொட்டுப் பார்க்க ஆளில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 30, தொழுநோய் ஒழிப்பு நாளையொட்டி உங்கள் இதழில் வந்த செய்தி ‘தொழுநோய் ஒழிக்கப்பட்டுவிட்ட நிலையில்’ என்று தொடங்கியிருந்தது. முப்பத்தொரு வருடம் இந்த நோயைத் தேடி வீடு வீடாக நடந்தவன் என்பதால் அந்த ஒரு வரியைக் கடந்துபோக முடியவில்லை.

2005 டிசம்பரில் நம் நாடு எட்டியது, 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை. அதை ‘ஒழிப்பு’ என்று சுருக்கிச் சொல்லிப் பழகிவிட்டோம். இன்றும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது அந்தக் கணக்கு.

அந்தப் ‘பத்தாயிரத்துக்கு ஒன்று’ என்பது, குறிப்பிட்ட ஒரு நாளில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் எண்ணிக்கை. கிருமி அதிகமுள்ளவர்களுக்கு முன்பு 24 மாதம் மருந்து கொடுத்தோம். 90-களின் இறுதியில் அது 12 மாதமானது. மருத்துவப்படி அது சரியான முடிவு, அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஊரில் நோய் பரவுவது துளியும் மாறாத நிலையிலேயே பதிவேட்டில் அந்த வகை நோயாளிகளின் பெயர் பாதியாகக் கழிந்தது. இன்னொன்றும் பாருங்கள். 2019-இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட புதிய நோயாளிகள் சுமார் 1,14,000 பேர். 2020-இல் 65,000 பேர். இந்தக் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். உடலில் புகுந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டு. இப்படிப்பட்ட நோய் ஒரே வருடத்தில் இவ்வளவு குறைய வழியே இல்லை. அந்த வருடம் ஊரடங்கு, யாரும் தேடிப் போகவில்லை.

தேடுவதற்கு எந்திரம் ஏதும் கிடையாது. நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையும் கிடையாது. 1873-இல் நார்வேயின் ஹான்சன் கண்டுபிடித்த கிருமியை இன்றுவரை ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியவில்லை. ஆகவே பகல் வெளிச்சத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, பிட்டம், தொடை எல்லாம் பார்க்க வேண்டும். நோயாளியின் கண்ணை மூடச் சொல்லி, தேமலின் மேல் பேனா முனையால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும்; இந்த நோயின் தேமலில் பெரும்பாலும் உணர்ச்சி குறைந்திருக்கும். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடித்த நரம்பு கயிறு மாதிரி விரலுக்குத் தட்டுப்படும். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது, நூறு கையைத் தொட்டால்தான் வரும். செங்கல்பட்டுப் பக்கம் போளம்பாக்கத்தில் 1955 முதல் மரத்தடியில் தொழுநோய் கிளினிக் நடத்தினார்கள். செங்கல்பட்டுத் திருமணியிலும் வேலூர் கரிகிரியிலும் உள்ள தொழுநோய் மையங்களில் உலகத்துக்கே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் வளர்த்தெடுத்தது வேலூரில். அந்த மண்ணில் இன்று தேமலைத் தொட்டுப் பார்க்க ஆள் குறைந்துகொண்டே வருகிறது. என்னோடு வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றுவிட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு என்னிடம் ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். சித்தாள் வேலை, வயது 24. முதுகில் இருந்த தேமலுக்கு இரண்டு வருடமாகப் படை மருந்து தடவியிருக்கிறான். மூன்று இடத்தில் காட்டியிருக்கிறான், ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தபோது சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கியிருந்தன. பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து தொடங்கியது. அதில் ஒன்றான குளோஃபாசிமின் மாத்திரையால் தோல் கறுத்தது. வேலையிடத்தில் கேட்க ஆரம்பித்ததும் நாலாம் மாதம் நிறுத்திவிட்டான். பேசி மறுபடி தொடங்க வைத்தால், முழங்கையில் தாங்க முடியாத வலி. “மருந்து தின்ன பிறகுதான் சார் நோவே வந்துச்சு” என்று அழுதான். செத்த கிருமிகள் மீது உடல் பாய்கிற எதிர்விளைவு அது, மருந்து முடிந்த பிறகும் வரலாம். ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கும். நரம்பு பாதித்து ஆறு மாதத்துக்குள் கொடுத்தால் கை பெரும்பாலும் தேறிவிடும். அவனுக்கு அந்தக் காலம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது. கிருமி போய்விட்டது. விரல்கள் அப்படியேதான் இருக்கின்றன.

அவனோடு வசிப்பவர்களையும் பரிசோதித்து, ஒரே ஒரு வேளை மட்டும் ரிஃபாம்பிசின் மருந்து கொடுத்தால் அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு குறையும். அரசுத் திட்டத்திலேயே இது இருக்கிறது. “வீட்டுக்கு மட்டும் வராதீங்க சார்” என்று கையைப் பிடித்துக்கொண்டான். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கச் சட்டம் 2019 வரை இடம் கொடுத்த நாட்டில் அவன் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் தெரு முழுக்கத் தோல் பரிசோதனை என்று சொல்லித்தான் அந்த வீட்டுக்குள் போக முடிந்தது. அவன் அம்மாவின் முதுகைப் பார்க்க ஒரு செவிலியரை அழைத்துப் போக வேண்டியிருந்தது. ஆண்கள் மட்டும் போய்த் தேடினால் பெண்களின் நோய் வெளியே வராது.

நம் விளம்பரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்று மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கிருமி மிக அதிகமுள்ள வகையில் ஆரம்பத்தில் மரமரப்பு இருக்காது. முகம் எண்ணெய் தடவினாற்போல மினுங்கும், காது மடல் தடிக்கும், புருவம் ஓரத்திலிருந்து உதிரும். பார்க்கிறவர்கள் ஆள் நன்றாகத் தேறிவிட்டான் என்றுகூடச் சொல்வார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு நோயைப் பரப்ப அதிகம் வாய்ப்புள்ளவரும் இவர்தான்.

அடுத்த ஜனவரி 30 அன்று ‘ஒழிக்கப்பட்டுவிட்ட’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, இந்தக் காது மடலையும் புருவத்தையும் மடங்கும் சுண்டுவிரலையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவம் சாரா மேற்பார்வையாளர்,
விழுப்புரம் மாவட்டம்.