மேரி ராணியின் ஊசிவேலை

அன்புள்ள சாந்தி,

எம்பிராய்டரி வகுப்பை மறுபடி தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று. இங்கே அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

சரி, உனக்குச் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்து ராணி மேரியின் ஊசிவேலையைப் பற்றித்தான் கொஞ்ச நாளாகப் படிக்கிறேன். 1568-ல் இங்கிலாந்துக்குத் தஞ்சம் தேடிப் போன அவளை, அவள் சாகும்வரை அந்த நாட்டு ராணி எலிசபெத் காவலில் வைத்தாளே, அந்த மேரி. மறுவருஷம் அவளைப் பார்த்த நிக்கலஸ் ஒயிட் என்பவர், நாள் முழுக்கத் தைப்பதாகவும் வலி தாங்காதபோதுதான் ஊசியைக் கீழே வைப்பதாகவும் அவளே சொன்னாள் என்று எழுதியிருக்கிறார். காவல் பொறுப்பிலிருந்த ஷ்ரூஸ்பரி பிரபுவின் மனைவி பெஸ்ஸும் கூட உட்கார்ந்து தைத்திருக்கிறாள்.

லினன் கான்வாஸில் பட்டுநூலால் பெருக்கல்குறி போலப் போட்ட கிராஸ் ஸ்டிட்ச். இழையை எண்ணி எண்ணித்தான் நிரப்பவேண்டும், உனக்கே தெரியும். மடியில் அடங்கும் சின்னச் சின்னத் துண்டுகள். ஊர் ஊராக மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தவளுக்கு அதுதான் தோது. அவற்றில் பலவற்றைப் பின்னால் பச்சை வெல்வெட்டில் பதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள ஆக்ஸ்பரோ மாளிகையில் இருக்கின்றன.

கெஸ்னர் என்ற இயற்கை அறிஞரின் விலங்கு நூலைப் பார்த்து ஒரு பூனை தைத்திருக்கிறாள். அதற்குச் செம்பட்டை நிறம், பக்கத்தில் ஒரு எலி. எலிசபெத்தின் தலைமுடியும் செம்பட்டை! பூனை எலிசபெத், எலி மேரி என்று தோன்றும். ஆனால் எல்லாவற்றிலும் ரகசியம் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்கப் பறவை என்று ஒரு டூக்கனையும் தைத்திருக்கிறாளே, அது வெறும் ஆசையாகவும் இருக்கலாம்.

நார்ஃபோக் பிரபுவுக்கு அனுப்பிய குஷன் மட்டும் வேறு ரகம். வானத்திலிருந்து நீளும் ஒரு கை, காய்க்காத திராட்சைக் கொடியைக் கத்தியால் அறுக்கிறது. காயம்பட்டால் வீரம் தழைக்கும் என்று லத்தீனில் வாசகம். பிள்ளையில்லாத எலிசபெத்தும், மகனைப் பெற்ற மேரியும்! பார்த்தவருக்குப் புரியாமலா இருக்கும்? மேரியை மணக்க நினைத்த அந்தப் பிரபுவின் மீது நடந்த விசாரணையில் இந்தக் குஷனும் அடிபட்டது. 1572-ல் அவர் தலை போயிற்று.

அப்புறம் 1574-ல் அதே மேரி, சிவப்பு சாட்டினில் வெள்ளி இழை வைத்துப் பாவாடை ஒன்றைத் தைத்து எலிசபெத்துக்கே பரிசாக அனுப்புகிறாள்! இதை வெறும் நடிப்பு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. விடுதலை கிடைக்கும் என்று நம்பித்தான் ஒவ்வொரு தையலும் போட்டிருப்பாள். நீ என்ன நினைக்கிறாய்? கட்டாயம் எழுது. அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்றும் சொல்.

அன்புடன்,
விஜயா