யாழினிக்கு, அந்த டப்பாக்கள் பற்றி

அன்பு மகள் யாழினிக்கு,

உன் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறுக்காக (பிசிஓஎஸ்) நீ வாங்கிய மூலிகை மாத்திரைகளின் படத்தைப் பெரிதாக்கி, மூன்று டப்பாக்களின் பின்பக்கத்தையும் படித்தேன். பெர்பெரின், பட்டை, சிறுகுறிஞ்சான். மருந்தகத்தில் வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். மூலிகையை ஏளனம் செய்ய மாட்டேன். இந்தக் கோளாறுக்கு மருத்துவர் உனக்கு எழுதிக்கொடுத்த மெட்ஃபார்மினே ஐரோப்பாவின் ஒரு பூச்செடியில் இருந்த சத்தைப் பின்பற்றி உருவானதுதான். 1957இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைச் சர்க்கரை நோய்க்குக் கொடுத்தார். அதில் அளவு தெரியும், பக்க விளைவு தெரியும். அதனால்தான் அதை நம்புகிறேன்.

பெர்பெரினை இன்றே நிறுத்து. அது மரமஞ்சளில் இருக்கும் மஞ்சள் பொருள். வேலை செய்யாது என்று சொல்லவில்லை. இன்சுலின் எதிர்ப்பை, அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணியாத நிலையை, குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேலை செய்வதால்தான் பயப்படுகிறேன். மற்ற மருந்துகளைக் கல்லீரல் கரைக்கும் வேகத்தை அது மாற்றிவிடும். கர்ப்ப காலத்தில் உட்கொண்டால் குழந்தைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வரும் ஆபத்து உண்டு. நீங்கள் இருவரும் குழந்தைக்காகக் காத்திருக்கிறீர்கள். இன்சுலின் குறைந்தால் நின்றுபோன கருமுட்டை வெளியேற்றம் திரும்பலாம். மாதவிடாய் இப்படித் தள்ளித் தள்ளிப் போகும் உனக்கோ, கரு தங்கியதே தாமதமாகத்தான் தெரியும். அந்த இடைவெளியில் இந்த மாத்திரை வயிற்றில் இருக்கக் கூடாதம்மா.

கடையில் மலிவாகக் கிடைக்கும் பட்டை பெரும்பாலும் காசியா வகை. அதில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். நாள்தோறும் நிறையச் சாப்பிட்டால் கல்லீரலைக் கெடுக்கும். இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு. குருமாவுக்குப் போடு, மாத்திரையாக வேண்டாம். சிறுகுறிஞ்சானும் சர்க்கரையை இறக்கும். மெட்ஃபார்மினோடு சேர்ப்பதானால் மருத்துவருக்குத் தெரிந்துதான் சேர்க்க வேண்டும்.

ஊறவைத்த வெந்தயத்தை விடாதே. அதன் நார்ச்சத்து உணவிலிருந்து சர்க்கரை ஏறுவதை மெதுவாக்கும். மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. கர்ப்பம் உறுதியானால் தாளிப்பு அளவோடு நிறுத்திக்கொள். அத்தை அனுப்பும் கழற்சிக்காய்ப் பொடியை, படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் நேரில் கேட்காமல் பிரிக்காதே. அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மெட்ஃபார்மின் வயிற்றைப் புரட்டுகிறது என்று நீயாகவே விட்டுவிட்டாயாமே. சாப்பாட்டோடு சாப்பிடு. மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, அதைக் கேள். வெகுநாள் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதையும் பார்க்கச் சொல்.

கழுத்துக் கறுப்பைப் பார்த்துக் கல்யாண வீட்டில் யாரோ சொன்னதை நீ இன்னும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அது நீ தேய்த்துக் குளிக்காததால் வந்ததில்லை. இரத்தத்தில் மிகும் இன்சுலின் தோலைக் கறுக்கவைக்கிறது. அதே இன்சுலின்தான் சினைப்பையை ஆண் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கத் தூண்டி, தாடையில் முடியையும் வளர்க்கிறது. உன் குற்றம் இதில் எதுவும் இல்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மூன்று டப்பாக்களையும் பையில் போட்டு எடுத்துப் போ. பெயரை மட்டும் சொன்னால் போதாது, அளவை அவர் பார்க்க வேண்டும். குழந்தைக்கு முயலும் முன் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் சோதனையையும் கேள். பிசிஓஎஸ்ஸுக்கான 2023இன் சர்வதேச வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கிறது. முடிவு வந்ததும் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா