மருத்துவமனைக்கு நன்கொடை தரும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கோயில் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

தைப்பூசக் காவடி முடிந்து கணக்குப் பார்க்கும்போது, மிச்சப் பணத்தை அரசு மருத்துவமனைக்குக் கொடுக்கலாம் என்ற பேச்சு எழுவது வழக்கம். 1969இல் சாட்ஸ்வொர்த்தில் திறந்த ஆர். கே. கான் மருத்துவமனைக்குப் பின்னாலும் ஓர் அறக்கட்டளையின் பணம் உண்டு. அந்தக் கொடை மனம் குறையவே கூடாது. ஆனால் காசோலையை மருத்துவமனை வாரியத் தலைவர் கையில் கொடுக்காதீர்கள்.

வாரியத்தில் நம்மவர்கள் இருக்கலாம். பணப்பொறுப்பு அவர்களிடம் இல்லை. 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, மத்திய மருத்துவமனைகள் எனப்படும் உயர்சிகிச்சை மருத்துவமனைகள் தவிர்த்த மற்றவற்றுக்கு வாரியத்தை நியமிப்பதும் அதன் பணிகளை வகுப்பதும் மாகாண சுகாதார அமைச்சர். கணக்குக்குப் பதில் சொல்பவரோ, 1999ஆம் ஆண்டு பொது நிதி மேலாண்மைச் சட்டப்படி, மாகாண சுகாதாரத் துறையின் தலைமை அதிகாரி. அவர் எழுத்தில் கொடுத்த வரம்புக்குள்தான் மருத்துவமனையின் தலைமை நிர்வாகி கையெழுத்திட முடியும்.

கருவூல விதிகளின் 21ஆம் அத்தியாயப்படி ரொக்க நன்கொடை வருவாய் நிதிக்குத்தான், அதாவது அரசின் பொதுக் கணக்குக்குத்தான், போக வேண்டும். எதற்கென்று நீங்கள் தெளிவாக எழுதாவிட்டால் அமைச்சரே முடிவு செய்யலாம். அதனால் பொருளாகக் கொடுப்பதே நல்லது.

அதிலும் அவசரம் வேண்டாம். நோயாளிக்குக் குழாய் வழியே மருந்தை அளவாகச் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்பு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் குழாய் செட் மட்டுமே அதற்குப் பொருந்தும். வார்டில் ஏற்கெனவே ஓடும் மாடல் எது என்று கேட்காமல் வேறொன்றை வாங்கினால், கூட வந்த செட்டுகள் தீர்ந்த அன்றே பம்பு அலமாரிக்குப் போய்விடும். வாங்கும் முன்பே தலைமை நிர்வாகிக்கு எழுதுங்கள்: மாடல், எண்ணிக்கை, விலை, எந்த வார்டு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அதன்பின் சர்வீஸ் செலவு யாருடையது. எழுத்தில் ஏற்புக் கடிதம் வந்த பிறகு பணம் கட்டுங்கள். பம்பு வந்து சேரும் அன்றே அதில் சொத்துப் பதிவேட்டு எண் ஒட்டச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறாத பம்பு பழுதானால் சரிசெய்ய நிதி கேட்க வழியில்லை. காணாமல் போனாலும் தேட ஆளில்லை.

வளாகத்தில் நிழற்கூரை போடுவதென்றால், 2007ஆம் ஆண்டு அரசு அசையாச் சொத்துச் சட்டம் குறுக்கே வரும். அதன்படி மருத்துவமனை நடத்தும் துறை வெறும் பயனர். பாதுகாவலர் பொதுப்பணித் துறை. அனுமதிக் கடிதம் அங்கிருந்து வர வேண்டும்.

வாரியத்திலுள்ள நம்மவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஏற்புக் கடிதம் வந்ததா, பதிவேட்டு எண் என்ன, துறையின் ஆண்டு நிதி அறிக்கைக் குறிப்பில் நன்கொடை ஏறியதா என்று கூட்டத்தில் கேட்டு, பதிலை மினிட்ஸில் எழுத வைக்கலாம். கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனைக் கணக்கும் பதிவேடும் பார்ப்பவர்கள்