நைஜல் சாருக்கு, திருப்பூரிலிருந்து

மதிப்புக்குரிய நைஜல் சார்,

வணக்கம். நீங்கள் சினிமாவில் வருகிற ஆள், ஸ்டான்லி டூச்சி போட்ட வேஷம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். 2006-ல் 'தி டெவில் வேர்ஸ் பிராடா' வந்ததிலிருந்து ஆளாளுக்கு, 'ரன்வே' என்கிற ஃபேஷன் பத்திரிகையின் ஆசிரியர் மிராண்டா மேடத்தைப் பற்றிப் பேசித் தீர்த்துவிட்டார்கள். மேடத்தின் உதவியாளர் ஆண்டியின் காதலன் நல்லவனா, சுயநலக்காரனா என்று இணையத்தில் இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது. பாரிஸ் விருந்தில், அதே பத்திரிகையில் வேலை பார்க்கிற உங்களுக்கு நடந்ததை மட்டும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் படத்தின் கதையே அதுதான்.

நான் இங்கே ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிற உத்தியோகம். ஃபேஷன் துறையில் இருக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் 'பனியன் கம்பெனிக்குப் போறான்' என்பதோடு சரி. ஆனாலும் அந்த நீல ஸ்வெட்டர் காட்சி எங்கள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி வேறு யாருக்கும் புரியாது என்று அடித்துச் சொல்வேன்.

இரண்டு பெல்ட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஆண்டி சிரித்துவிடுகிறாள். மேடம் குரலை உயர்த்தாமல், அவள் போட்டிருக்கும் ஸ்வெட்டரின் நீலத்தை முதலில் எந்த டிசைனர் எடுத்தார், பிறகு யார் யார் எடுத்தார்கள், அது எப்படி டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு இறங்கி, கடைசியில் தள்ளுபடிக் கூடையில் அவள் கைக்கு வந்து சேர்ந்தது என்று வம்சாவளியே சொல்லிவிடுகிறார். (அந்த மெல்லிய குரலை நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட்டிடமிருந்து எடுத்ததாக, மேடமாக நடித்த மெரில் ஸ்ட்ரீப் சொல்லியிருக்கிறார். கத்துகிற முதலாளியைச் சமாளித்துவிடலாம். கத்தாதவரிடம்தான் வயிறு கலங்கும்.) வம்சாவளி கற்பனைதான். ஆனால் செருலியன் என்கிற அந்த நீலம் கற்பனை இல்லை. நிறங்களுக்கு எண் கொடுக்கிற பான்டோன் கம்பெனி வருஷா வருஷம் 'இந்த ஆண்டின் நிறம்' என்று அறிவிக்கிறதே, அதில் முதலாவதாக, 2000-ம் ஆண்டுக்கு, வந்தது செருலியன்தான். எண் 15-4020.

அப்படி ஓர் எண்ணைப் பார்த்தாலே எனக்கு டையிங் வாசம் அடிக்கும் சார். பையர் மெயிலில் எண்ணை மட்டும் அனுப்புவார். டையிங் லேபில் சின்னச் சின்னத் துணித்துண்டுகளுக்குச் சாயம் ஏற்றி, ஏ, பி, சி என்று அட்டையில் ஒட்டித் தருவார்கள். லேப் டிப் என்று பெயர். அதை லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். பகல் விளக்கில் அச்சு அசலாக ஒத்துப்போன நீலம், கடை விளக்கில் லேசாகப் பச்சை அடிக்கும். சாயக்காரர் சத்தியம் செய்வார், பச்சையே இல்லை என்று. கூரியரில் போய்ச் சேர்ந்ததும் பையரிடமிருந்து பதில் வரும்: 'பி கிட்ட வருகிறது, பச்சையைக் குறைத்து மறுபடி அனுப்பவும்.' பெல்ட்டைப் பார்த்துச் சிரித்த ஆண்டியை அந்த லேபில் ஒரு மத்தியானம் உட்கார வைக்க வேண்டும்.

அந்த நீலத்துக்குப் பின்னால் எத்தனையோ பேர் வேலை இருக்கிறது என்று மேடம் பேச்சோடு பேச்சாகச் சொல்வார். டிசைனர் பெயர் வருகிறது, கடை வருகிறது, சாயம் போட்டவன் வருவதில்லை. அந்த 'எத்தனையோ'வில் நாங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். சரி, அது வேறு வழக்கு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மயாமியில் புயல், விமானம் கிடையாது, மேடத்தை ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டு ஆண்டி கண்ணீரோடு உங்கள் அறைக்கு வருகிறாள். நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. பிடிக்கவில்லையென்றால் போய்விடு, ஐந்து நிமிஷத்தில் இன்னொரு பெண்ணைப் பிடித்துவிடுவேன் என்றீர்கள். அப்புறம் ரோட் ஐலண்டில் ஆறு சகோதரர்களோடு வளர்கிற ஒரு பையனைப் பற்றிச் சொன்னீர்கள். கால்பந்துப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தையல் வகுப்புக்குப் போகிறவன், ராத்திரி போர்வைக்குள் டார்ச் அடித்து 'ரன்வே' படிக்கிறவன். பையன் யார் என்று நீங்கள் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை.

அந்த இடத்தில் எனக்கு உங்கள் மேல் மரியாதையும் வரும், கோபமும் வரும். வேலையை வேலையாக மதித்துப் பேசினீர்கள், அதற்கு மரியாதை. ஆண்டிக்கு 'ரன்வே' என்பது வேறு வேலைக்குப் போகிற வழி. அவள் நண்பர்களுக்கு அது கேலிப்பொருள், ஓசியில் வரும் கைப்பையை வாங்கிக்கொள்கிற நேரம் தவிர. கோபம் எதற்கு என்றால், 'நீ போனால் இன்னொருத்தி' என்பது கம்பெனியின் வசனம், அதை உங்கள் வாயால் சொன்னீர்கள். எனக்கும் ஒரு மேனேஜர் சொன்னதுண்டு: 'கேட்டுக்கு வெளியே நூறு பேர் நிக்கறாங்க.' அவர் போவதும் வருவதும் அதே கேட் வழியாகத்தான்.

பாரிஸில், ஷாம்பெய்ன் பாட்டிலோடு வந்து ஆண்டியிடம் ரகசியமாகச் சொல்கிறீர்கள்: டிசைனர் ஜேம்ஸ் ஹோல்ட்டின் கம்பெனிக்கு நீங்கள்தான் தலைமை. 18 வருஷத்தில் முதல் தடவையாக உங்கள் வாழ்க்கையை நீங்களே தீர்மானிக்கப் போகிறீர்கள். இனிமேல் பாரிஸுக்கு வந்தால் பாரிஸைப் பார்க்கலாம் என்று ஒரு வரி சொல்வீர்கள். அட, இத்தனை வருஷம் ஃபேஷன் வீக் என்று வந்துபோய், ஊரையே பார்த்ததில்லையா! காஸ்ட்யூம் டிசைனர் பட்ரீசியா ஃபீல்டுக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, நியாயம்தான். ஆனால் அவர் சேர்த்த அத்தனை உடைகளையும் விட அந்த ஒரு வரி ஃபேஷன் தொழிலைப் பற்றி அதிகம் சொல்லிவிடுகிறது.

அப்புறம் விருந்து. மேடம் மேடையேறி, அந்தப் பதவி தன் போட்டியாளர் ஜாக்குலின் ஃபோலேவுக்கு என்கிறார். ஜாக்குலினை 'ரன்வே' ஆசிரியராக்க முதலாளி போட்டிருந்த திட்டத்தை உடைக்க வேண்டும், அதற்குக் கையில் இருந்த ஒரே நல்ல நாற்காலி உங்களுடையது. டூச்சி அந்த இடத்தில் பெரிதாக எதுவும் செய்வதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கண் மட்டும் ஒரு கணம் ஆளில்லாத மாதிரி ஆகிறது. நேரம் வரும்போது எனக்கு ஈடு செய்வார் என்கிறீர்கள். நிச்சயமாகவா என்று ஆண்டி கேட்கிறாள். இல்லை, ஆனால் நம்பித்தானே ஆக வேண்டும் என்கிறீர்கள். அதோடு சரி. கேமரா ஆண்டியோடு காரில் ஏறிப் போய்விடுகிறது.

அவள் போனை நீரூற்றில் எறிந்துவிட்டு நடக்கிறாள். பார்க்கிறவர்களுக்கு ஒரே ஆனந்தம். அவளுக்கென்ன, நியூயார்க்கில் செய்தித்தாள் வேலை காத்திருக்கிறது, அதற்கும் மேடத்தின் சிபாரிசு. நீங்கள் போனை எறிந்துவிட்டு எங்கே போவீர்கள்? டார்ச் வெளிச்சத்தில் நீங்கள் பார்த்த இடமே அதுதானே. காய்ச்சலோடு வேலை பார்த்த இன்னொரு உதவியாளர் எமிலிக்கும் இதே கதிதான். காலும் ஒடிந்து, பாரிஸ் போகிற வாய்ப்பும் பறிபோய், கடைசியில் ஆண்டி கொடுத்த துணிமணிகள் மிச்சம். படத்தில் ஃபேஷனை நிஜமாகவே நேசிக்கிற இரண்டு பேருக்கும் அடி, நேசிக்காதவளுக்கு விடுதலை. இதை நகைச்சுவைப் படம் என்று போட்டிருக்கிறார்கள்.

நிஜத்தில் உங்களுக்கு ஓர் அண்ணன் இருந்தார், தெரியுமா? ஆந்த்ரே லியான் டாலி. வட கரோலினாவின் டர்ஹாமில் பாட்டி வளர்த்த கறுப்பினப் பையன். பாட்டி டியூக் பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். பேரன் ஊர் நூலகத்தில் 'வோக்' பத்திரிகையைப் பார்த்து மயங்கினான். 1988-ல் அன்னா வின்டூர் 'வோக்' ஆசிரியரானபோது டாலிதான் கிரியேட்டிவ் டைரக்டர். மிராண்டா மேடத்துக்கு மூலம் வின்டூர் என்று ஊரே சொல்லும். மூலநாவலை எழுதிய லாரன் வைஸ்பெர்கர் அவரிடம் உதவியாளராக இருந்தவர். (வின்டூர் அந்தப் படத்தைப் பார்க்க பிராடா உடுத்திக்கொண்டே போனார். அந்தக் குசும்பை மெச்சத்தான் வேண்டும்.) மெட் காலா என்கிற நியூயார்க் ஃபேஷன் விருந்தின் படிக்கட்டில் டாலி எடுத்துவந்த பேட்டிகள் 2018-ல் ஒரு யூடியூப் நட்சத்திரத்துக்குப் போயின. வயதாகிவிட்டது, உடம்பு பெருத்துவிட்டது, அதனால் ஓரங்கட்டிவிட்டார்கள் என்று 2020-ல் தன் நினைவுக் குறிப்பில் மனம் விட்டு எழுதினார். 2022 ஜனவரியில் இறந்தார். அந்தக் குறிப்பைப் படிக்கும்போது எனக்கு உங்கள் முகம்தான் வந்துகொண்டே இருந்தது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தலைமைப் பதவியை யாராவது உங்களுக்கு எழுத்தில் கொடுத்தார்களா? எங்கள் ஊரில் 'ஆர்டர் கன்ஃபர்ம்' என்று பையர் போனில் சொன்னதை நம்பி நூல் வாங்கிப் போட்டு, ஆர்டர் பங்களாதேஷுக்குப் போன பிறகு கோன் கோனாக நூலை அடுக்கி வைத்துக்கொண்டு முழித்தவர்கள் உண்டு. பர்சேஸ் ஆர்டர் கையில் வராமல் ஒரு கோன்கூட எடுக்காதே என்று இங்கே சேர்கிற பையனுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவோம். 18 வருஷம் பக்கத்திலேயே இருந்துவிட்டு மேடத்திடம் போய்க் கையெழுத்து கேட்பதா என்று உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அடுத்த முறை கேளுங்கள் சார். ஷாம்பெய்னை அப்புறம் திறந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு மெர்ச்சன்டைசர்