அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்ட தங்கைக்கு

எல்லோருக்கும் வணக்கம். பாப்பா நன்றாக இருக்கிறாள். நேற்று வாசல் கோலத்தில் எறும்பு மாவை இழுத்துக்கொண்டு போவதைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறந்ததிலிருந்தே கருவிழி தடித்து மங்கிப்போகும் பரம்பரை நோய் அவளுக்கு; தானமாக வந்த கருவிழி வைத்துத்தான் இப்போது பார்க்கிறாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கண் தானம் கொடுத்த, பெயர்கூடத் தெரியாத அந்தக் குடும்பத்துக்கும், கருவிழியின் தடிமனை அளந்து பார்த்து “இது கண் அழுத்த நோய் இல்லம்மா, அழுத்தம் அதிகமாகக் காட்டுவதே இந்தத் தடிமனால்தான்” என்று சொன்ன டாக்டர் அம்மாவுக்கும், பணம் அனுப்பிய சொந்தங்களுக்கும், ராத்திரி இட்லி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அத்தைக்கும் கோடி நன்றி.

இன்னொருவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மரபணு ஆலோசகர் தங்கை.

பாப்பாவின் மரபணு ரிப்போர்ட் கைக்கு வந்தபோது மணி ஆறு. எஸ்எல்சி4ஏ11 என்ற மரபணுவில் இரண்டு மாற்றங்கள் என்று போட்டிருந்தது. ஒன்று நோய் தரும் என்று ஏற்கெனவே தெரிந்தது. மற்றதற்கு நேரே ‘வி.யூ.எஸ்.’, அதாவது நல்லதா கெட்டதா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாதது. இவ்வளவு செலவு செய்து ‘தெரியாது’ என்றா பதில் வாங்கினோம் என்று அழுகை வந்துவிட்டது. போதாததற்கு, “சொந்தத்தில் கட்டினவங்களுக்குத்தானே இது வரும், உங்களுக்கு எப்படி?” என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

அந்தத் தங்கை பையைத் தோளில் மாட்டிக் கிளம்பிவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். என் கையிலிருந்து இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை, நாலு கண்ணாடி வளையல்களைக் கழற்றித் தரச் சொன்னார்.

“அக்கா, இந்த மரபணு எல்லார்கிட்டயும் ரெண்டு ரெண்டு இருக்கும். சிவப்பு ரெண்டும் உங்களோடது, பச்சை ரெண்டும் அண்ணனோடது. பாப்பாவுக்கு ஆளுக்கு ஒண்ணு வந்திருக்கு.” பிளாஸ்திரியைச் சின்னதாக இரண்டு துண்டு கிழித்தார். இரண்டையும் ஒரே சிவப்பு வளையலில் ஒட்டினார். “இப்படி இருந்தா பச்சை முழுசா நல்லா இருக்கு. அது போதும், இந்த நோய் வராது.” ஒன்றைப் பிரித்துப் பச்சையில் ஒட்டினார். “இப்படின்னா ரெண்டுலயும் பழுது. பாப்பாவோட ரத்தத்துல ரெண்டு பழுது இருக்குன்னு இந்த டெஸ்ட் சரியாத்தான் சொல்லுது. எது எந்த வளையல்லன்னு உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் பார்த்தாத்தான் தெரியும்.”

அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “யார் மேலயும் தப்பு இல்லக்கா. ஒரு பழுதோட இருக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது. சொந்தத்தில் கட்டினா வாய்ப்பு கூடும். கட்டாதவங்களுக்கும் வரும்.” வீட்டில் அத்தனை பேருக்கும் நான் சொல்ல வேண்டியிருந்த பதில் அதுதான். அவர் ஊருக்குப் போகும் கடைசி பஸ் அதற்குள் போய்விட்டிருந்தது. அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

எங்கள் இருவர் ரத்தமும் போனது. தெரிந்த மாற்றம் என்னிடம், தெரியாதது என் வீட்டுக்காரரிடம். அந்த விவரத்தையும் பாப்பாவின் கண்ணையும் சேர்த்துப் பார்த்து, அந்த ‘வி.யூ.எஸ்.’ஸை ‘நோய் தர அதிக வாய்ப்புள்ளது’ என்று மாற்றி எழுதினார்கள். இதே மரபணுவில் பழுதுள்ள சிலருக்கு வளர வளரக் காதும் மந்தமாகும் என்பதால், வருஷா வருஷம் காதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த குழந்தை என்றால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதும் இப்போது தெரியும். இந்த நோய்க்கு இந்த மரபணுதான் காரணம் என்று கண்டுபிடித்ததே 2006-இல்தான். அதற்கு முன்பு பெற்றவர்கள் யாரிடம் போய்க் கேட்டிருப்பார்கள்?

தங்கச்சி, பிளாஸ்திரி ஒட்டிய அந்தப் பச்சை வளையலை நான் இன்னும் போடவில்லை. பாப்பாவின் ஃபைலுக்குள் பத்திரமாக இருக்கிறது. தை மாதம் காது பார்க்க வரும்போது எடுத்து வருவேன். சாயந்திரம் வரை அந்தப் பெஞ்சில்தான் இருப்பேன். ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு யாராவது அழுதபடி வந்தால், நீங்கள் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.