கம்பம் பள்ளத்தாக்கு உறவுகளுக்குக் கடைமடையிலிருந்து நன்றி

கம்பம் பள்ளத்தாக்கின் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

தண்ணியில்லாக் காடு என்று பேர்வாங்கிய இராமநாதபுரத்துக்காரர்களான நாங்கள் எழுதும் ஊர்வரலாற்று ஏட்டில் உங்கள் பள்ளத்தாக்குக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். 1789இலேயே, மேற்கே கேரளத்துக்குப் பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று ஆள் அனுப்பிப் பார்த்தவர் முத்திருளப்ப பிள்ளை, எங்கள் இராமநாதபுரத்து மன்னர் சேதுபதியின் பிரதானி, அதாவது அமைச்சர். காசில்லாமல் நின்றுபோனதை ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடித்தார். 1895இல் மலையைக் குடைந்து தண்ணீர் வந்தது. உங்கள் கடைகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் மாட்டியிருப்பதும், பாலார்பட்டியில் அவர் பெயரில் பொங்கல் வைப்பதும் ஏட்டில் ஏறிவிட்டன.

முதல் நன்றி மடை பார்க்கும் அண்ணன்மார்களுக்கு. லோயர்கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம். ஜூன் முதல் தேதி திறப்பது வழக்கம். அணையில் நீர் குறைந்தால் தள்ளிப்போகும். நாற்று பிந்தினால் முதல் போக அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டும், கதிர் சாயும், நெல் வயலிலேயே முளைக்கும். இரண்டாம் போகமும் அதோடு பிந்தும். எங்களுக்கு ஐப்பசி மழைதான் விதைப்புக்கே உயிர். அதே மழை!

பெரியாற்றுத் தண்ணீர் வேறு, வைகைத் தண்ணீர் வேறு என்று கணக்கு பிரித்துக் காட்டியதற்குத் தனி நன்றி. வைகை அணையில் இரண்டும் கலக்கும், கணக்கில் கலக்காது. வைகையின் பூர்வீகப் பாசனப் பங்கு எங்களுக்கு 7 பங்கு, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2. இங்கே பலர் இதைக் குழப்பிக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

பன்னீர் திராட்சைத் தோட்டத்து அக்காமார்களுக்கும் நன்றி. கவாத்து செய்து, அதாவது கொடியை வெட்டிவிட்டு, சுமார் 4 மாதத்தில் பழம். பூவில் மழை விழுந்தால் அடிச்சாம்பல் நோய், பழுக்கையில் விழுந்தால் வெடிப்பு. கல்தூண் பந்தலுக்கு அடியில் நின்று, கொத்தைத் திருப்பிப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்து வெள்ளைப் பூச்சைக் காட்டியதால்தான் புரிந்தது. விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் பெண்கள், இருந்த கொஞ்ச நேரத்திலும் பேசினார்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதினால் அது பள்ளத்தாக்கின் கதையே ஆகாது.

உங்கள் திராட்சைக்கும் எங்கள் முண்டு மிளகாய்க்கும் புவிசார் குறியீடு கிடைத்தது ஒரே ஆண்டில், 2023இல். அந்த உறவில் வத்தல் அனுப்பியிருக்கிறோம். பொட்டலம் பிரித்ததும் ஒரு வெயில் காட்டுங்கள். உங்கள் சாரலுக்குக் காம்படியில் பூசணம் பிடித்துவிடும்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயிகள்,
இராமநாதபுரம் கடற்கரை